கல் வெளியேறியது

ஏப்ரல் 8, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் இந்த டைரியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஏப்ரல் மாதத்தில் டைரி கொடுக்கிறார் என்றால், டாக்டர்களுக்கெல்லாம் கொடுத்து மிச்சம் விழுந்தது என்று அர்த்தம். நர்ஸுக்கு மிச்சம்தான் வரும். சிறுநீரகக் கல்லுக்கு மாத்திரை விற்கிற கம்பெனி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நீல எழுத்தில் "இன்று மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தீர்களா?" என்று அச்சடித்திருக்கிறார்கள். வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள் போலிருக்கிறது.

முதல் பக்கத்தை நிரப்பினேன். பெயர்: எமல்டா. வயது: 58. வேலை: ஸ்டாஃப் நர்ஸ், ஆரம்ப சுகாதார நிலையம். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்: என் வீட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். போனை எடுக்க மாட்டார். இருந்தாலும் எழுதினேன்.

இன்று புறநோயாளிகள் நூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் கல் வலிக்காரர்கள் ஏழு. ஏழு பேருமே உப்பளத்து ஆட்கள். வெயில் இன்னும் முழுசாக ஆரம்பிக்கவே இல்லை.

மார்ச்சில் எரிந்துபோன மோட்டாரை இன்னும் மாற்றவில்லை. ஸ்டாஃப் கழிவறையில் தண்ணீர் கிடையாது. பக்கத்தில் இருக்கிற வாத்தியார் வீட்டில் கேட்டால் விடுவார்கள். தினம் போய்க் கதவைத் தட்ட யாருக்கு முகம் இருக்கிறது? காலையில் வீட்டில் ஒரு காபி, மதியம் சோற்றோடு அரை டம்ளர் தண்ணீர். ஐந்து மணிவரை தாங்கும்.

ஏப்ரல் 10, புதன்

சந்தனமாரி வந்தாள். முப்பத்தெட்டு வயது, உப்புச் சுமக்கிறவள். தாலுகா ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனை மஞ்சள் பையில் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். டாக்டர் ஷமீமா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இன்னொரு தடவையும் பார்த்தார். அவருக்கு வயது முப்பதுகூட இல்லை. இரண்டு நிலையங்களை ஒருவராகப் பார்க்கிறார். அதனால் வழக்கமாக எதையும் இரண்டாம் தடவை பார்க்க அவருக்கு நேரம் இருக்காது.

"வலது கிட்னி சுருங்கிப்போச்சும்மா. எப்பவோ போயிருக்கு, உங்களுக்கே தெரியல. இடது ஒண்ணுதான் வேலை செய்யுது. அதுக்குக் கீழே குழாயில பதினோரு மில்லிமீட்டர் கல் உக்காந்திருக்கு. அது முழுசா அடைச்சா மூத்திரம் நின்னுடும். அப்புறம் டயாலிசிஸ்தான். அடுத்த புதனே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

பெரியாஸ்பத்திரியில் சிறுநீரகப் பிரிவு புதன்கிழமை மட்டும்தான். காலை ஒன்பது மணிக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அங்கே பார்த்ததும் சீட்டின் கீழ்ப்பாதியைக் கிழித்து முத்திரை குத்தித் தருவார்கள். நோயாளி அந்த அடிச்சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் என் பதிவேட்டில் அந்தப் பெயர் முடியும். அதுவரை நிலுவை. இந்த ஆறு வருஷமாக அந்தப் பதிவேடு என் தலையில்.

"புதனா சிஸ்டர்? புதன் லாரி வார நாளு. வேற கெழம இல்லியா?"

"நீ சொன்னா அவங்க கிழமையை மாத்துவாங்களா?"

சிரித்துவிட்டுச் சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப் பையில் வைத்தாள்.

ஏப்ரல் 11, வியாழன்

முதுகின் வலப்பக்கம் பிடித்துக்கொண்டது. மெத்தை சரியில்லை. வீட்டுக்காரரிடம் பத்து தடவை சொல்லிவிட்டேன், பஞ்சை அடிக்கக் கொடுங்கள் என்று.

ஏப்ரல் 17, புதன்

சந்தனமாரி போகவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, சனி

உப்பளத்தில் முகாம். உப்புச்சர்க்கரைப் பொட்டலம் கொடுத்து, தண்ணீர் குடிப்பதைப் பற்றிப் பேசிவிட்டு வரவேண்டும். உப்பு விளைகிற இடத்தில் போய் உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறோம்!

பத்து மணிக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. தரையெல்லாம் வெள்ளை. மரம் இல்லை, புதர் இல்லை, ஆள் உயரத்துக்கு எதுவுமே இல்லை. ஆண் ஒருவர் பாத்தியில் உப்பை வாருகிறார், இரண்டு பெண்கள் சுமக்கிறார்கள். மூன்று பேரும் சேர்ந்தது ஒரு செட். ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்கும் அன்றைக்கு வேலை இல்லை. சந்தனமாரியின் ஜோடி நாகலட்சுமி. அவளுக்குக் கைக்குழந்தை உண்டு, புருஷன் இல்லை. புதன்கிழமைக் கதை எனக்கு அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

நான் வழக்கம்போல மூன்று லிட்டர் பாட்டைப் பாடினேன். ஒருத்தி கேட்டாள்.

"குடிச்சா எங்க சிஸ்டர் போவ?"

சுற்றிலும் பார்த்தேன். முடியவே முடியாத நேரத்தில் இரண்டு பேர் ஒரு பழைய சேலையை இருபுறமும் பிடித்துக்கொள்வார்களாம், ஒருத்தி நடுவில் உட்காருவாளாம். லாரிக்காரர்கள் வருகிற நாளில் அதுவும் முடியாதாம். அதனால் காலையில் நாலு வாய் நனைத்துக்கொள்வதோடு சரி.

"நீங்க எத்தன லிட்டர் குடிக்கிய சிஸ்டர்?" என்று கேட்டாள் சந்தனமாரி. கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நேரமாச்சு, வண்டி காத்திருக்கு" என்றேன். ஊருக்கு உபதேசம் என்று என் அம்மா ஒரு பழமொழியின் பாதியை மட்டும் சொல்வாள். மீதிப் பாதி கேட்கிறவருக்கே தெரியும்.

ஏப்ரல் 24, புதன்

இன்றும் போகவில்லை. பதினான்கு நாள் கழிந்ததால் சீட்டும் செல்லாது. ஐந்து மணிக்கு அவளே வந்து நின்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உதடெல்லாம் வெடித்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒரே ஒரு கிட்னிடி உனக்கு! அது போனா வாரம் மூணு நாள் மெஷின்ல படுக்கணும். அப்போ லாரி வந்து உன்னைத் தூக்கிட்டுப் போகுமா?" என்று கத்தினேன். ஊசிக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. நாகலட்சுமியிடம் பேசிவிட்டதாகவும், அடுத்த புதன் நிச்சயம் போவதாகவும் சொன்னாள். புதுச் சீட்டு எழுதினேன். மேலே 'வர வேண்டிய தேதி' என்ற இடத்தில் பெரிதாக எழுதி, இரண்டு கோடும் போட்டேன். 1.5, புதன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கத்தினால்தான் நம் ஜனங்களுக்கு ஏறும்.

மே 1, புதன்

விடுமுறை. ஒரு மாதத்துப் போர்வைகளை அலசிப் போட்டேன். அவர் சீலா மீன் வாங்கி வந்தார். குழம்பு வைத்து, வறுத்து, சாப்பிட்டுவிட்டு இருவரும் தூங்கினோம். மூன்றரை மணிக்கு எழுந்து காபி போடும்போது, காலண்டரில் சிவப்பு எழுத்தைப் பார்த்தேன். மே தினம். அரசு விடுமுறை.

எல்லா வெளிநோயாளிப் பிரிவும் மூடி இருக்கும்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மே 2, வியாழன்

காலையில் முதல் ஆளாக வந்து சீட்டை என் மேஜையில் வைத்தாள். கீழ்ப்பாதி கிழிபடாமல் அப்படியே இருந்தது.

"நாலே காலு பஸ்ஸு சிஸ்டர். ஏழு மணிக்கெல்லாம் போயிட்டேன். கதவு பூட்டிக் கெடக்கு. வாச்மேன் சிரிக்காரு. இன்னைக்கு உழைப்பாளி தினம்மா, வீட்ல போய் ரெஸ்ட் எடுன்னு சொல்லுதாரு."

"நீயாவது யோசிச்சிருக்கலாம்ல? லீவு நாள்னு உனக்குத் தெரியாதா?"

"எங்களுக்கு நேத்து வேல உண்டு சிஸ்டர்."

வேறு ஏதோ சொன்னேன். என்னவென்று நினைவில்லை. புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், 8.5 புதன் என்று. வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை மடிக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.

தேதியைப் போட்டது நான்தான். ஆனால் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு எழுதுகிறவள் எத்தனை காலண்டரைப் பார்ப்பாள்?

மே 6, திங்கள்

நூற்று நாற்பது பேர். அலமாரியிலிருந்து வலி மாத்திரை இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டேன். வாயுத் தொல்லை. சீலா மீன் எனக்கு எப்போதுமே ஒத்துக்கொள்ளாது.

மே 9, வியாழன்

நேற்றும் அவள் பெரியாஸ்பத்திரிக்குப் போகவில்லை. இன்று மத்தியானம் வந்தாள், முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. தாலிக்கயிற்றில் சொருகியிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் கொட்டினாள். மூன்று கல்.

பக்கத்து ஊரில் தொக்கம் எடுக்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். பிள்ளைகளுக்கு வயிற்றில் சிக்கிய சோற்றையும் முடியையும் எடுப்பதாகச் சொல்லி, வயிற்றில் குழலை வைத்து வாயால் உறிஞ்சித் துப்புவாள். இப்போது கிட்னிக் கல்லும் எடுக்கிறாளாம்.

"மூணு வந்துட்டு சிஸ்டர். அன்னையிலேருந்து வலியே இல்ல" என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டையாக, விளிம்பு கூராக, பளபளவென்று இருந்தது. கழுவி வைத்ததுபோல் இருந்தது.

வரும் செவ்வாய் மாதக் கூட்டம். நிலுவையில் உள்ள பெயர்களைத் திரையில் சிவப்பாகக் காட்டுவார்கள். என் நிலையத்துக்கு ஒரே ஒரு சிவப்பு. நோயாளி மறுத்துவிட்டார் என்று எழுதினால் வீட்டுக்குப் போய் டாக்டர் முன்னால் கையெழுத்து வாங்க வேண்டும். டாக்டர் இன்று இன்னொரு நிலையத்தில் இருந்தார். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் எழுதினேன்: கல் வெளியேறியது.

அவள் நான் எழுதுவதைப் பார்த்தாள். எழுதி முடித்துப் பேனாவை மூடும்வரை நின்றுவிட்டு, "அப்ப வாரேன் சிஸ்டர்" என்றாள்.

வலி இல்லை என்கிறவளை நான் எப்படி அனுப்புவேன்? தானாகவே விழுகிற கல்லும் உண்டு. டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். கல்லைப் பொட்டலமாகக் கட்டி மேஜை டிராயரில் போட்டேன். தூக்கி எறிந்திருக்கலாம்.

மே 14, செவ்வாய்

கூட்டம். எங்கள் நிலையத்தின் பெயருக்கு நேரே பச்சை. "நிலுவை பூஜ்யம், பாருங்க, இப்படிச் செய்யணும்" என்று அதிகாரி மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். தேநீருக்கு மக்ரூன் வைத்திருந்தார்கள். ஒன்று எடுத்தேன், பாதிக்குமேல் இறங்கவில்லை.

மே 15, புதன்

யாரையும் அனுப்பவில்லை.

மே 18, சனி

டிராயரைத் திறக்காமலே இருக்க முடியவில்லை. ஸ்டேப்ளர் பின் அதற்குள்தான் இருக்கிறது. இன்று அந்தப் பொட்டலத்தை ஒரு கவருக்குள் வைத்து ஒட்டினேன்.

அவர் கேட்டார், ஏன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று. வெயில் என்றேன். "தண்ணியாவது குடி" என்று சொம்பைக் கொண்டுவந்து வைத்தார். நாற்பது வருஷம் கிரேனில் உட்கார்ந்து கீழே இருப்பவர்களைப் பார்த்தவர். எதையும் துருவிக் கேட்காமலே கவனிக்கிற பழக்கம் அவருக்கு உண்டு. நான் குடிக்கவில்லை.

மே 20, திங்கள்

நாகலட்சுமி அவளை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து, தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு வந்தாள். முகம் வீங்கி, கண் இடுங்கி, பாதம் செருப்பில் நுழையாத அளவுக்குப் பெருத்து. சனிக்கிழமை காலையிலிருந்து மூத்திரம் போகவில்லை.

டாக்டர் ஓடி வந்தார். பல்ஸைப் பிடித்துக்கொண்டே, "இவங்க நம்ம லிஸ்ட்ல இருந்தாங்களே சிஸ்டர், போனாங்களா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே பதிவேட்டைத் திறந்தார். விரலை அந்தக் கட்டத்தில் வைத்தார்.

"கல் வெளியேறியதுன்னு இருக்கே?"

"இப்ப ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்க டாக்டர்" என்றேன்.

நூற்றியெட்டில் நானும் ஏறினேன். எழுபது நிமிஷம். அவளுக்கு மூச்சு வாங்கியது. வாயிலிருந்து மூத்திர வாடை வந்தது. என் கையைப் பிடித்திருந்தாள். கை ஈரமாக, கனமாக இருந்தது. இடையில் ஒருமுறை, "நாகலட்சுமிக்கு நாளைக்கு வேல போச்சே" என்று முனகினாள்.

அவசரப் பிரிவில் இளவயது டாக்டர் ஒருவர் ரத்தம் எடுத்தார். உப்பு ஏகமாக ஏறிவிட்டது என்றார். முதுகு வழியாகத் துளை போட்டு நேராகக் கிட்னிக்கே குழாய் வைத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். ஒரு மணி கூட நகரவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குப் பையில் மூத்திரம் இறங்க ஆரம்பித்தது. கலங்கலாக, பிறகு கொஞ்சம் தெளிவாக. முப்பது வருஷ சர்வீஸில் மூத்திரத்தைப் பார்த்து யாராவது கும்பிட்டிருப்பார்களா என்று தெரியாது. நான் கும்பிட்டேன்.

"இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆள் இருக்க மாட்டாங்க. தெரிஞ்ச கேஸ்தானே, ஏன் முன்னாடியே அனுப்பல?" என்று அந்த டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடிக் கிடந்தவள் சொன்னாள். "சிஸ்டரச் சொல்லாதிய சார். அவிய தடவ தடவயா சொன்னாவ. நாந்தான் வரல."

நான் வாயைத் திறக்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

மே 22, புதன்

லீவு போட்டு அவளைப் பார்க்கப் போனேன். வார்டுக்குப் போகும் வழியில்தான் சிறுநீரகப் பிரிவு. ஆறு வருஷமாக ஜனங்களை இங்கே அனுப்புகிறேன். இன்றுதான் இந்த இடத்தைப் பார்க்கிறேன்.

வராந்தா முழுக்க வரிசை. பெஞ்சு நான்குதான், மற்றவர்கள் தரையில். ஒரு பெரியவர் சுவரில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றிருந்தார். ஒருத்தி பிளாஸ்டிக் பையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நாலைந்து பேர் கையில் இருந்த சீட்டில் என் கையெழுத்து. அவசரமாக, சாய்ந்து, பாதி பெயரை விழுங்கி எழுதியது. சுழித்துக் கையெழுத்துப் போட்டால் என் வேலை முடிந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அந்தச் சீட்டோடு இவர்கள் விடிவதற்கு முன்னால் எழுந்து இரண்டு பஸ் மாறி வந்து, இந்தச் சுவரில் நெற்றியை வைக்கிறார்கள்.

சந்தனமாரி தலையணையில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். வீக்கம் பாதி வடிந்திருந்தது. நாகலட்சுமி வெளியே குழந்தைக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். அவர்கள் செட்டில் கங்காணி புதுசாக இரண்டு பேரைப் போட்டுவிட்டாராம்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அந்தக் கல்லு. அது என்ன கல்லுன்னு ஒங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியும் சிஸ்டர். இருவத்தி ரெண்டு வருசமா என் காலக் கிழிக்கிற கல்லுல்லா அது? பாத்தி அடியில படிஞ்சு கெடக்கும். அந்தம்மா துப்புனவொடனே தெரிஞ்சுபோச்சு."

"பின்னே ஏன் அதைக் கொண்டுவந்து எங்கிட்ட காட்டினே?"

அவள் இட்லியைக் கீழே வைத்தாள்.

"வலி நின்னுட்டு. நின்னது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு பயமா இருந்துச்சு. போவவும் பயம், போவாம இருக்கவும் பயம். நீங்க அன்னைக்குக் கத்துனிய பாருங்க, அது மாதிரி கத்துவியன்னு நெனச்சேன். இது கல்லும் இல்ல மண்ணும் இல்ல, எந்திரிச்சு நாளைக்கே போடின்னு ஒரு வார்த்த சொன்னியன்னா போயிருப்பேன். நீங்க எழுதிட்டிய. சரி, சிஸ்டரே எழுதிட்டாவ, அப்ப நல்லதாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

அழுதேன். அடக்கி வைத்தெல்லாம் அழவில்லை, பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கும்படி அழுதேன். "எனக்கும் தெரியும்டி. கையில எடுத்த உடனே தெரியும்" என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பதின்மூன்று நாள் ஆகியிருக்கிறது.

எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போதுதான் அது வந்தது. வலப்பக்க முதுகிலிருந்து அடிவயிறுவரை ஒரு இழுப்பு. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வேர்த்துக் கொட்டியது. வாயு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அக்கா" என்றாள் சந்தனமாரி. அதுவரை அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நீங்க கைய வச்சிருக்கிற எடம் நான் கைய வச்ச எடம். எத்தன மாசமா?"

மே 23, வியாழன்

பதிவேட்டைத் திறந்து, அந்த இரண்டு வார்த்தைகளின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் எழுதினேன்: "கல் வெளியேறவில்லை. 1.5 விடுமுறை என்று பார்க்காமல் தேதி கொடுத்தது என் தவறு. 9.5 அன்று நோயாளி காட்டியது சிறுநீரகக் கல் அல்ல என்று தெரிந்தும் பதிவை முடித்தேன். எமல்டா." தேதி போட்டேன். கவரைப் பிரித்து, கல் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன்.

டாக்டர் ஷமீமா படித்தார்.

"இது மேலே போனா உங்களுக்கு மெமோ வரும் சிஸ்டர். ரிட்டையர்மென்ட் சமயம்."

"வரட்டும் டாக்டர்."

"மே ஒண்ணாம் தேதி சீட்டுல கையெழுத்துப் போட்டது நான். நானும்தான் பாக்கல." பேனாவை எடுத்து, என் பெயருக்குக் கீழே அதையும் எழுதினார். பிறகு நிமிர்ந்து, "நீங்க ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

மே 27, திங்கள்

ஸ்கேன் பார்த்தாயிற்று. வலது பக்கம் எட்டு மில்லிமீட்டர், இடது பக்கம் சின்னதாக இரண்டு. மெத்தையின் மேல் குற்றமில்லை. சீலா மீனின் மேலும் குற்றமில்லை. அவர் ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, "பஞ்சடிக்க வேண்டாம்ல?" என்றார். நான்கு நாளில் இன்றைக்குத்தான் சிரித்தேன்.

மோட்டார் இன்னும் வரவில்லை. வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் மனைவி ஒரு சாவியையே கையில் கொடுத்துவிட்டார். "மூணு மாசமா என்ன சிஸ்டர் செஞ்சீங்க?" என்றார்.

சீட்டுக் கட்டை எடுத்தேன். நோயாளி பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பரிந்துரைப்பவர் என்ற இடத்திலும் என் பெயர்தான் வரவேண்டும். இரண்டையும் திருத்தமாக, ஒரு எழுத்தும் விழுங்காமல் எழுதினேன். தேதி போடுவதற்கு முன் காலண்டரை இரண்டு தடவை பார்த்தேன். 29.5, புதன்.

மே 29, புதன்

பெரியாஸ்பத்திரி வராந்தாவில், தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டோக்கன் பதினேழு. இப்போது ஆறாவது ஆள் உள்ளே போயிருக்கிறார். வலி விட்டுவிட்டு வருகிறது.

சந்தனமாரியை இன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழாயோடு போகிறாள். மூன்று வாரம் கழித்துக் கல்லை உடைப்பார்கள். கிட்னி பாதிதான் திரும்பியிருக்கிறது, மீதி திரும்புமா என்று டாக்டர்கள் சொல்லவில்லை. இனி சுமை தூக்கக் கூடாது. அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. என் மெமோ நேற்று வந்தது. பதில் எழுத ஏழு நாள் இருக்கிறது. பதிவேட்டில் எழுதியதையேதான் எழுதுவேன்.

அவள் முதுகுக் குழாயின் மூத்திரப் பையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாகலட்சுமியும் கூட வந்தாள். பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதாம். மடியிலிருந்து ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"உள்ள ஸ்கேன் பாப்பாவ. மூத்திரப் பை நெறஞ்சிருக்கணும். முழுசாக் குடிங்க."

"வேண்டாம்டி. இங்க கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்ல. பாத்துட்டு வந்துட்டேன். ஆம்பளையும் பொம்பளையும் அதே வழி. வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அவளும் அதைக் கவனித்தாள். ஆனால் சிரிக்கவில்லை.

தோளில் கிடந்த பழைய சேலைத் துண்டை எடுத்து உதறினாள். அதன் ஒரு முனையை நாகலட்சுமியிடம் கொடுத்தாள்.

"குடிங்கக்கா" என்றாள். "வாசல்ல நாங்க ரெண்டு பேரும் நிக்கோம்."

குடித்தேன்.